அரசு ஆஸ்பத்திரிப் பணமும் டாக்டர் கையெழுத்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மாவட்டத்து அரசு மருத்துவமனை அலுவலகங்களில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்தவர்கள் இன்னும் விடுவதில்லை. மாத்திரை வாங்கப் போய் வெறுங்கையோடு திரும்பியவர்கள் ஒரு பக்கம் கேட்கிறார்கள், புதிதாக வேலையில் சேர்ந்த டாக்டர்கள் இன்னொரு பக்கம் போன் செய்கிறார்கள். எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே விஷயம்தான்: அரசு ஆஸ்பத்திரிப் பணத்தில் டாக்டருக்கு என்ன பங்கு? தனித்தனியாகச் சொல்லிச் சலித்துவிட்டது என்பதால் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகள் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

"டாக்டர்னா வைத்தியம் பார்க்கணும். பட்ஜெட்டெல்லாம் ஆபீஸ் வேலைதானே சார்?"

பில் போடுவது, கருவூலத்துக்கு அனுப்புவது, பதிவேடு எழுதுவது எல்லாம் ஆபீஸ் வேலைதான். ஆனால் செலவு தொடங்குவது ஓ.பி. சீட்டில். ஐந்து நாளைக்கு மாத்திரை எழுதினால் செலவு. மாத்திரையே போதும் என்கிற காய்ச்சலுக்கு டிரிப்ஸ் எழுதினால் கூடுதல் செலவு. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், "இன்னும் ரெண்டு நாள் வார்டுல இருக்கட்டும்" என்று ஒரு வரி, எல்லாமே செலவு. சம்பளத்தையும் கட்டடத்தையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிச்சச் செலவில் பெரும்பகுதி டாக்டர் பேனாவில் இருந்து வருவதுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எழுதுகிற டாக்டருக்கு அதன் விலை தெரியாது. விலை தெரிந்த எங்களுக்கு அது தேவையா இல்லையா என்று தெரியாது. இந்த இரண்டு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து பேசுவதை என் சர்வீஸில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். டாக்டரைக் கணக்குப்பிள்ளையாக்க வேண்டாம், ஆனால் அவர் துறை எவ்வளவு செலவழித்தது என்ற தாள் மாதம் ஒரு முறையாவது அவர் மேசைக்கு வரவேண்டும் என்பது என் கட்சி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் பதில்களில் அந்தச் சாய்வு இருக்கும்.

"ஜி.எச்.சுக்குப் பணம் எங்கேருந்து வருது?"

முதல் வழி மாநில பட்ஜெட். சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை எண் 19 என்று ஒன்று வரும், அதுதான் மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறை. 2025-26இல் அந்தத் துறைக்கு 21,906 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். அது இயக்குநரகங்களுக்குப் பிரிந்து, மாவட்டத்துக்கு வந்து, கடைசியில் ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தலைப்பு வாரியாக ஒரு தொகையாக நிற்கும். தொகை என்றால் கையில் பணம் இல்லை, கருவூலத்தில் இவ்வளவு வரை பில் போடலாம் என்ற அனுமதி.

இரண்டாவது, தேசிய நலவாழ்வுக் குழுமம், எல்லோரும் என்.எச்.எம். என்பார்கள். இதில் மத்திய அரசு 60, மாநிலம் 40 என்ற பங்கு. மூன்றாவது, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் மருத்துவமனைக்கு வரும் தொகை. அப்புறம் நன்கொடைகள், எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதி. ஒவ்வொரு பணத்துக்கும் வேறு வேறு விதி, வேறு வேறு பதிவேடு. பாதித் தலைவலி அங்கேதான்.

"எங்க ஊர் ஆஸ்பத்திரிக் கணக்குக்கு யார் பொறுப்பு? கலெக்டரா?"

டாக்டர்தான். பலருக்கு இது ஆச்சரியமாக இருக்கிறது. கடலூர் தலைமை மருத்துவமனை, விருத்தாசலம், பண்ருட்டி போன்ற அரசு மருத்துவமனைகள் ஊரக நலப்பணிகள் இயக்குநரகத்தின் கீழ் வருகின்றன. மாவட்டத்தில் இணை இயக்குநர், நாங்கள் ஜே.டி. என்போம். ஆரம்ப சுகாதார நிலையங்கள், அதாவது பி.எச்.சி.கள், பொது சுகாதாரத் துறையின் கீழ். சிதம்பரத்தில் இருக்கிற மருத்துவக் கல்லூரி மருத்துவமனை முன்பு ராஜா முத்தையா பெயரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோடு இருந்தது. கட்டணத்தை எதிர்த்து மாணவர்கள் நடத்திய நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 2021இல் சுகாதாரத் துறைக்கு மாறி, கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. ஒரே மாவட்டம், மூன்று குடும்பங்கள்.

எந்தக் குடும்பமானாலும் பணம் பெற்று வழங்கும் அலுவலர் என்று ஒருவர் இருப்பார். பெரிய மருத்துவமனைகளில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும் தலைமையில் இருக்கும் டாக்டரிடமோ அவருக்கு அடுத்த நிர்வாக டாக்டரிடமோ இருக்கும். பில்லை உதவியாளர் தயாரிப்பார், அலுவலகக் கண்காணிப்பாளர் சரிபார்ப்பார், கையெழுத்து டாக்டருடையது. காலையில் ஆபரேஷன் தியேட்டரில் இருந்தவர் மதியம் சலவை பில்லுக்கும் ஜெனரேட்டர் டீசல் பில்லுக்கும் கையெழுத்துப் போடுவார்.

"அப்போ தலைமை டாக்டர் நினைச்சா எதை வேணும்னாலும் வாங்கலாமே?"

முடியாது. ஒதுக்கீடு தலைப்பு வாரியாக வரும் என்று மேலே சொன்னேன் இல்லையா? ஒவ்வொரு தலைப்பும் தனிப் பானை, ஒன்றின் கரண்டி இன்னொன்றுக்குள் போகாது. உணவுத் தலைப்பில் மிச்சம் இருக்கிறது, தண்ணீர் மோட்டார் எரிந்துவிட்டது என்றால், மிச்சத்தை எடுத்து மோட்டார் கட்ட முடியாது. மறு ஒதுக்கீடு கேட்டு மேலே எழுதவேண்டும், பதில் வரவேண்டும்.

ஒரு அளவுக்கு மேல் வாங்கினால் டெண்டர் கட்டாயம். தமிழ்நாட்டில் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் இருந்தே இருக்கிறது. ஆக, தலைமை டாக்டருக்குப் பொறுப்பு மலையளவு, சொந்தமாக முடிவெடுக்கும் இடம் ரொம்பக் குறைவு. எனக்கு இந்த ஏற்பாட்டில் உடன்பாடு இல்லை. கூரை ஒழுகுகிறது என்பதைக் கண்ணால் பார்ப்பவரிடம் ஒரு சின்னத் தொகையாவது கேள்வி கேட்காமல் இருக்கவேண்டும். அதற்குக் கொஞ்சம் வழி பிறந்தது 2005இல் ஊரகத் திட்டமாகத் தொடங்கிய என்.எச்.எம். வழியாகத்தான். பி.எச்.சி. டாக்டர் கேட்ட கேள்வியில் அதை எழுதியிருக்கிறேன்.

"மாத்திரை இல்லைன்னு வெளியே எழுதிக் கொடுக்குறாங்களே, கவர்மென்ட்ல காசு இல்லையா?"

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் மருந்தை ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் தனித்தனியாக வாங்குவதில்லை. 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் என்று ஒரு அரசு நிறுவனம் தொடங்கினார்கள். மாநிலம் முழுவதற்கும் சேர்த்து டெண்டர் விடுவது, வரும் ஒவ்வொரு பேட்ச்சையும் ஆய்வகத்துக்கு அனுப்பித் தரம் பார்ப்பது, மாவட்டக் கிடங்குகளுக்கு அனுப்புவது அதன் வேலை. மொத்தமாக வாங்குவதால் விலை வெகுவாகக் குறைந்தது. பிறகு கேரளா, ராஜஸ்தான் எல்லாம் இதைப் பார்த்துத் தங்கள் மாநிலத்திலும் இப்படி ஒன்று அமைத்துக்கொண்டன.

ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. வருடத்துக்கு இவ்வளவு ரூபாய் மதிப்புக்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு வைப்பார்கள். மருந்தாளுநர் இன்டென்ட், அதாவது இன்ன மருந்து இவ்வளவு வேண்டும் என்ற கேட்புப் பட்டியல், தயாரிப்பார், மருத்துவ அலுவலர் கையெழுத்துப் போடுவார், கிடங்கில் இருந்து மருந்து வரும், பாஸ்புக்கில் மதிப்பு கழியும். இப்போது எல்லாம் கணினியில் நடக்கிறது, பெயர் மட்டும் பாஸ்புக் என்றே நிற்கிறது.

மாத்திரை இல்லாமல் போவதற்குக் காரணம் பல. கம்பெனி சப்ளையைத் தாமதிக்கலாம். கிடங்குக்கு வந்த பேட்ச் ஆய்வக முடிவுக்காகக் காத்திருக்கலாம். எழுதிய மருந்து அரசு வாங்கும் மருந்துப் பட்டியலிலேயே இல்லாமல் இருக்கலாம். இன்னொன்றும் உண்டு, அதுதான் இந்தப் பக்கத்துக்கு முக்கியம்: இன்டென்ட்டே தப்பாகப் போயிருக்கலாம். போன காலாண்டு எண்ணிக்கையை அப்படியே எழுதி, ஒரு பத்து சதவீதம் கூட்டிப் போட்டு, டாக்டர் நோயாளி பார்த்துக்கொண்டிருக்கும்போது நீட்டிக் கையெழுத்து வாங்கிய இன்டென்ட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை கடலூரை என்ன செய்யும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயலில் தென்பெண்ணை கரைபுரண்டது எல்லாம் நாம் பார்த்தவை. மழைக்குப் பின் வயிற்றுப்போக்கு, எலிக் காய்ச்சல், சேற்றுப்புண் வரும் என்று டாக்டருக்குத் தெரியும். ஓ.ஆர்.எஸ்., டாக்சிசைக்ளின், களிம்பு எல்லாம் புரட்டாசியிலேயே கூட்டிக் கேட்கவேண்டும். அதை ஸ்டோரில் இருப்பவர் ஊகிக்க முடியாது. டாக்டர் பட்ஜெட்டில் ஈடுபடுவது என்று பெரிய வார்த்தையில் சொல்கிறார்களே, இன்டென்ட்டைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதில் அது ஆரம்பிக்கிறது.

"பட்டியல்ல இல்லாத மருந்தை டாக்டர் ஏன் எழுதணும்?"

சில நேரம் உண்மையிலேயே தேவை. சில நேரம் படித்த இடத்தில், பயிற்சி எடுத்த இடத்தில் கைபழகிய பிராண்டு. தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2022 திருத்தப்படி 384 மருந்துகள் இருக்கின்றன. மாநிலத்துக்கும் தனிப் பட்டியல் உண்டு. சாதாரண ஓ.பி. நோய்களுக்கு இவற்றுக்குள்ளேயே மருந்து இருக்கும். பட்டியலில் ஒரு மருந்து சேரவேண்டும் என்று நினைக்கிற டாக்டர் வெளிச் சீட்டு எழுதிக்கொண்டே இருப்பதைவிட, துறை வழியாக எழுத்தில் கேட்பது நல்லது. இப்படிக் கேட்டுச் சேர்ந்த மருந்துகளும் உண்டு.

"அவசரத்துக்கு உள்ளூர்ல வாங்கக்கூடாதா?"

வாங்கலாம். மருந்துக்கான ஒதுக்கீட்டில் ஏறக்குறைய 90 சதவீதம் கழகத்தின் வழியாகவும், மிச்சம் 10 சதவீதம் அவசர உள்ளூர்க் கொள்முதலுக்கும் என்பது நெடுநாள் வழக்கம். கிடங்கில் மருந்து இல்லை என்ற சான்றை வாங்கி வைத்துக்கொண்டு வாங்கவேண்டும். அந்தச் சான்று இல்லாவிட்டால், உயிரைக் காப்பாற்ற வாங்கிய ஊசியாக இருந்தாலும் ஆடிட்டில் கேள்வி வரும்.

பாம்புக்கடி விஷமுறிவு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நோயாளிக்கு முதல் தவணையே பொதுவாகப் பத்து குப்பி. நம் பக்கத்து நெல் வயல்களில் ஒரே இரவில் இரண்டு பேர் வந்தால் சின்ன ஆஸ்பத்திரி ஸ்டாக் காலி. பக்கத்து ஆஸ்பத்திரியில் இருந்து கடன் வாங்கிப் பிறகு திருப்பிக் கொடுப்பதுண்டு. அதற்கும் இரண்டு பக்கமும் பதிவேட்டில் எழுதவேண்டும், எழுதாமல் விட்டால் ஒரு பக்கம் குறைவு, மறுபக்கம் கூடுதல் என்று ஆண்டுக் கணக்கில் நிற்கும்.

"பாண்டியில மட்டும் எப்படி எல்லாம் கிடைக்குது?"

எல்லாம் கிடைக்கிறது என்பதே கொஞ்சம் மிகை. புதுச்சேரியில் இருக்கிற மத்திய அரசு மருத்துவமனையான ஜிப்மர் வேறு ரகம். 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளியில் வேர் இருக்கிறது, 2008இல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. பணம் நேராக மத்திய சுகாதார அமைச்சகத்தில் இருந்து வருகிறது, கொள்முதலும் தனி. நம் மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறிக் கோரிமேடு போவதற்கு இந்த வசதிதான் காரணம்.

புதுச்சேரி அரசின் மருத்துவமனைகள் யூனியன் பிரதேச பட்ஜெட்டில் ஓடுகின்றன. அந்த பட்ஜெட்டுக்குச் சட்டமன்றத்தில் வைக்கும் முன்பே மத்திய அரசின் ஒப்புதல் தேவை. அது தாமதமான வருடங்களில் முதல் சில மாதங்களை இடைக்கால ஒதுக்கீட்டில் தள்ளவேண்டியிருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கமும் டாக்டர்களுக்குத் தலைவலி உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

"மார்ச் மாசம் வந்தா ஆஸ்பத்திரியில திடீர்னு பெயின்ட் அடிக்கிறாங்க, நாற்காலி வருது. அது என்ன கணக்கு?"

நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. செலவழிக்காத ஒதுக்கீட்டைத் திரும்ப ஒப்படைக்கவேண்டும். ஒப்படைத்தால், "போன வருஷமே செலவு பண்ணலையே" என்று அடுத்த வருடம் குறைத்துவிடுவார்கள் என்ற பயம். அதனால் கடைசி இரண்டு மாதத்தில் அடித்துப் பிடித்து வாங்குவார்கள். இது தப்பு என்று மத்திய அரசின் பொது நிதி விதிகளே சொல்கின்றன. ஆனாலும் நடக்கும், ஏனென்றால் ஒதுக்கீட்டு ஆணையே சில நேரம் தாமதமாகத்தான் கைக்கு வரும்.

இதற்கு மருந்து, டாக்டர்கள் ஜூன், ஜூலையிலேயே துறை வாரியாகத் தேவைப் பட்டியல் கொடுப்பது. பட்டியல் இல்லாத இடத்தில் மார்ச்சில் ஆபீஸ் தனக்குத் தெரிந்ததை வாங்கும். எங்களுக்குத் தெரிந்தது நாற்காலியும் பீரோவும்தான்.

"இலவச ஆஸ்பத்திரிதானே, காப்பீட்டு அட்டையை எதுக்குக் கேட்கிறாங்க?"

அட்டை இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் சிகிச்சை உண்டு. அதில் சந்தேகம் வேண்டாம். அட்டை இருந்தால் அந்தச் சிகிச்சைக்கான தொகை காப்பீட்டுத் திட்டத்தில் இருந்து அந்த மருத்துவமனைக்கே வருகிறது. 2009இல் தொடங்கிய திட்டம், 2012இல் புதிய வடிவம் எடுத்தது, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது. இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. தனியார் மருத்துவமனைகள் மட்டும்தான் இதில் சம்பாதிக்கின்றன என்று நினைப்பவர்கள் உண்டு. அரசு மருத்துவமனைகளும் பட்டியலில் இருக்கின்றன.

மருத்துவமனைக்கு வரும் தொகையில் ஒரு பகுதி மருத்துவமனைத் தேவைக்கு, ஒரு பகுதி சிகிச்சையில் பங்கெடுத்த டாக்டர், நர்ஸ், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை. கருவூல ஒதுக்கீட்டில் வாங்க முடியாத இம்பிளான்ட் (உடலுக்குள் வைக்கும் தகடு மாதிரி), தியேட்டர் சாமான் எல்லாம் பல இடங்களில் இந்தப் பணத்தில்தான் வருகின்றன. ஆகவே வார்டு மேலாளர் அட்டை கேட்டால் எரிச்சல்படாமல் கொடுங்கள், உங்களிடம் அவர் காசு கேட்கவில்லை.

இதில் டாக்டர் பங்கு என்ன? எழுத்து. முன் அனுமதிக்கு நோயின் விவரம், ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாம் சரியாக ஏறினால்தான் க்ளெய்ம் தேறும். தொடை எலும்பு முறிவுக்குத் தகடு வைத்து அருமையாக ஆபரேஷன் செய்துவிட்டு, பின்னால் எடுக்கவேண்டிய எக்ஸ்ரேயைப் பதிவேற்றாமல் விட்டதால் க்ளெய்ம் தள்ளுபடியான கோப்பு என் மேசைக்கு வந்திருக்கிறது. வேலையும் நடந்தது, தகடும் போனது, பணம் மட்டும் வரவில்லை. ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம்.

"ஊக்கத்தொகை கிடைக்குதுன்னா தேவையில்லாம ஆபரேஷன் பண்ணிட மாட்டாங்களா?"

நியாயமான சந்தேகம். முன் அனுமதி என்ற சல்லடை இருக்கிறது, ஒவ்வொரு சிகிச்சைக்கும் நிர்ணயித்த தொகைதான் என்பதால் பில்லை ஊதிப் பெருக்கவும் முடியாது. அரசு மருத்துவமனையில் தியேட்டர் நேரமே பற்றாக்குறை, தேவையில்லாத கேஸைத் தேடிப் போகும் நிலைமை குறைவு.

நான் பார்த்த ஆபத்து வேறு. தொகை வருகிற வியாதிக்குக் கவனம் கூடி, தொகை வராத வியாதி வரிசையில் பின்னால் போவது. புண் ஆறாத சர்க்கரை நோயாளிக்குத் தினமும் கட்டு மாற்றுவதற்கு யாருக்கும் பெரிய தொகை வருவதில்லை. துறைத் தலைவர்கள் மாதக் கணக்கைப் பார்க்கும்போது க்ளெய்ம் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படாது.

"இப்பதான் பி.எச்.சி.யில சேர்ந்தேன். வவுச்சர்ல கையெழுத்துப் போடச் சொல்றாங்க. நான் என்ன பார்க்கணும்னே தெரியல, சார்."

தம்பி, தங்கச்சிகளே, இந்தப் பதிலை உங்களுக்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எம்.பி.பி.எஸ். பாடத்தில் சுகாதாரப் பொருளாதாரம் சமூக மருத்துவத்தில் ஓரிரு தலைப்பாக வந்து போகும். வவுச்சர் எப்படி இருக்கும் என்று யாரும் காட்டியிருக்க மாட்டார்கள். உங்கள் நிலையத்தில் நோயாளர் நலச் சங்கம் இருக்கும், நிலையத்தின் சின்னச் செலவுகளைக் கூடி முடிவு செய்கிற குழு அது. என்.எச்.எம். விதிப்படி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 1.75 லட்சம் ரூபாய் அளவில் கட்டுப்பாடற்ற நிதி என்று வரும், வேலைத்திறனைப் பொறுத்துக் கூடலாம் குறையலாம். குழாய் சரிசெய்வது, காத்திருப்போர் பெஞ்சு, பிரசவ அறைக்கு இன்வெர்ட்டர் பேட்டரி மாதிரி வேலைகளுக்கு இது. சம்பளம் கொடுக்கவோ வண்டி வாங்கவோ இல்லை. 2021இல் இருந்து பணம் உங்கள் வங்கிக் கணக்கில் நிற்பதில்லை, மாநில அளவில் ஒரே கணக்கு, உங்களுக்கு வரம்பு மட்டும்.

கையெழுத்துக்கு முன் தேதிகளைப் பாருங்கள். சங்கக் கூட்டத் தீர்மானம் முதலில், கொட்டேஷன் (கடைக்காரர் எழுதித் தரும் விலை) அடுத்து, பில் அதற்கும் அடுத்து இருக்கவேண்டும். பில் தேதி தீர்மானத்துக்கு முந்தியது என்றால் வாங்கிவிட்டுப் பிறகு தீர்மானம் எழுதியிருக்கிறார்கள். மூன்று கொட்டேஷனும் மூன்று கடை லெட்டர்பேடில், ஆனால் ஒரே கையெழுத்தில், ஒரே மையில் இருந்தால் மூன்றும் ஒரே கடையில் உட்கார்ந்து எழுதியவை. அடுத்து, சாமான் வந்ததா என்று நீங்களே எழுந்து போய்ப் பாருங்கள். பேட்டரி என்றால் அதன் வரிசை எண் பில்லில் இருப்பதும் பேட்டரியில் இருப்பதும் ஒன்றா என்று பாருங்கள். பில்லின் பின்பக்கம் "இருப்பில் ஏற்றப்பட்டது, பக்கம் இன்ன" என்ற குறிப்பு இருக்கவேண்டும், அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

கடைசியாக ஒன்று. டிஜிட்டல் கையெழுத்துச் சாவியையும் ஓ.டி.பி. வருகிற போனையும் "நீங்களே பார்த்துக்கோங்க" என்று யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். கொடுக்கிற ஆளை நம்புகிறீர்களா இல்லையா என்பது பிரச்சினையே இல்லை. அந்தச் சாவியில் நடக்கும் எல்லாமே உங்கள் பெயரில்தான் நடக்கும்.

"ஆடிட் வந்தா டாக்டர்தான் மாட்டிக்குவாரா?"

கையெழுத்துப் போட்டவர் பதில் சொல்லவேண்டும். ஆடிட் வருகிறவர்கள் திருடனைப் பிடிக்க வருவதில்லை, அவர்கள் எழுதும் தடைகளில் பெரும்பாலானவை காகிதக் குறைகள்தான்: ஸ்டாக்கில் ஏற்றவில்லை, அனுமதி ஆணை இணைக்கவில்லை, காலாவதி மருந்துக்கு விளக்கம் இல்லை. உடனே பதில் எழுதினால் பெரும்பாலும் முடிந்துவிடும். எழுதாமல் விட்டால் வருடக்கணக்கில் நிற்கும்.

நின்றால் என்ன ஆகும்? டாக்டர் ஓய்வு பெறும்போது நிலுவையில்லாச் சான்று கேட்பார்கள். எப்போதோ, எந்த ஊரிலோ போட்ட கையெழுத்துக்குப் பதில் தேடி, பணிக்கொடைக்காக அலைந்த நல்ல டாக்டர்களைப் பார்த்திருக்கிறேன். அதைப் பார்க்கிற இளையவர்கள் என்ன முடிவுக்கு வருகிறார்கள் என்றால், எதையும் வாங்காமல் இருப்பதே பத்திரம். கட்டுப்பாடற்ற நிதி செலவாகாமல் கிடப்பதற்கு முக்கியக் காரணம் இந்தப் பயம்தான் என்பேன். வட்டாரத்துக்கு ஒரு நல்ல கணக்காளரை உட்காரவைத்தால் பயம் பாதி போகும்.

"பெரிய கம்பெனிங்க மெஷின் கொடுத்தாங்களே, பூட்டியே கிடக்குது?"

நெய்வேலியும் சிப்காட்டும் இருக்கிற மாவட்டம் என்பதால் இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. கம்பெனிச் சட்டம் 2013படி குறிப்பிட்ட அளவுக்கு மேலுள்ள நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிடவேண்டும். எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதியிலும் மெஷின்கள் வருகின்றன. கொடுப்பவருக்குத் திறப்பு விழாவும் போட்டோவும் உண்டு. ஓட்டுகிற செலவை யார் பார்ப்பது?

ரத்தப் பரிசோதனை மெஷின்கள் பலவற்றில் அந்தந்தக் கம்பெனியின் ரீஏஜென்ட் (பரிசோதனைக்கு ஊற்றும் ரசாயனம்) மட்டும்தான் பொருந்தும். அந்த ரீஏஜென்ட் ஒதுக்கீட்டில் இல்லை என்றால் மெஷின் சும்மா. பராமரிப்பு ஒப்பந்தம், ஏ.சி. அறை, மின் இணைப்பு, ஓட்டத் தெரிந்த டெக்னீஷியன் எல்லாம் வேண்டும். நன்கொடையை ஏற்கும் கூட்டத்தில் அந்தத் துறை டாக்டர் இருந்து, "வருஷத்துக்கு ரீஏஜென்ட் செலவு எவ்வளவு, மூன்று வருஷத்துக்கு நீங்களே தருவீர்களா" என்று கேட்டுவிட்டால் போதும். கேட்பதற்குச் சங்கடம். மாலை போட்டு உட்காரவைத்திருப்பார்கள்.

"இங்கிலாந்துல டாக்டர்கள் கையிலேயே பட்ஜெட்டைக் கொடுத்தாங்களாமே. இங்கே ஏன் செய்யக்கூடாது?"

செய்து பார்த்தார்கள், பல தடவை. 1983இல் ராய் கிரிஃபித்ஸ் என்ற சூப்பர்மார்க்கெட் நிர்வாகியின் தலைமையில் ஒரு குழு, மருத்துவமனை நிர்வாகத்திலும் பட்ஜெட்டிலும் டாக்டர்கள் நேரடியாக ஈடுபடவேண்டும் என்றது. 1985 வாக்கில் லண்டன் கைஸ் மருத்துவமனை, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸைப் பார்த்து, துறைகளை டாக்டர் தலைமையில் தனித்தனி அலகுகளாகப் பிரித்தது. 1991இல் இன்னும் ஒரு படி மேலே போய், விருப்பப்பட்ட குடும்ப டாக்டர்களுக்கு மருந்துக்கும் சில மருத்துவமனைச் சிகிச்சைகளுக்கும் பட்ஜெட்டையே கொடுத்தார்கள். மிச்சம் பிடித்ததை நோயாளி வசதிக்குச் செலவிடலாம்.

மருந்துச் செலவு ஏறும் வேகம் முதலில் குறைந்தது. அந்த டாக்டர்களின் நோயாளிகள் ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் காலமும் குறைந்தது. அதுவே புகாராகவும் ஆனது: பட்ஜெட் வைத்திருக்கும் டாக்டரின் நோயாளிக்கு ஒரு வரிசை, மற்றவர்களுக்கு ஒரு வரிசையா? நிர்வாகச் செலவும் கூடியது. 1999இல் நிறுத்தினார்கள். நிறுத்தியபின் அந்த நோயாளிகள் மருத்துவமனையில் சேர்க்கப்படுவது கொஞ்சம் கூடியது என்று ஆய்வும் வந்தது. 2013இல் வேறு பெயரில், குடும்ப டாக்டர்கள் குழுக்களாகப் பணத்தை நிர்வகிக்கும் முறை வந்தது, 2022இல் அதுவும் கலைந்தது.

இங்கே அப்படியே கொண்டுவர முடியாது. அங்கே ஒவ்வொருவரும் ஒரு குடும்ப டாக்டரிடம் பதிவு செய்திருப்பார்கள், அதனால் தலைக்கு இவ்வளவு என்று பட்ஜெட் போட முடிந்தது. நம் ஆள் காலையில் ஜி.எச்., மறுநாள் ஜிப்மர், மூன்றாம் நாள் தெருமுனை க்ளினிக். எந்த டாக்டர் பெயரில் பணத்தை எழுதுவது? எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம் கைஸ் மருத்துவமனையுடையது என்று நினைக்கிறேன். துறைக்கு ஒரு டாக்டர், அவரோடு ஒரு நர்ஸ், ஒரு கணக்காளர், மூவருக்கும் ஒரே கணக்குத் தாள்.

"செலவைப் பார்க்க ஆரம்பிச்சா டாக்டர் வைத்தியத்தைக் குறைச்சிட மாட்டாரா? எங்க அம்மாவுக்கு ஊசி வேணாம்னு சொன்னது காசுக்காகவா?"

ஊசி வேண்டாம் என்றது பெரும்பாலும் ஊசி தேவையில்லை என்பதால்தான் இருக்கும். வாயால் சாப்பிட முடிகிறவருக்குப் பாராசிட்டமால் மாத்திரை போதும். தேவையில்லாத ஊசியால் செலவும் கூடும், தொற்றும் வரலாம்.

ஆனால் கேள்வியின் அடியில் இருக்கிற பயம் சரியானது. எதிரில் இருக்கும் நோயாளிக்கு டயாலிசிஸ் வேண்டுமா என்று முடிவெடுக்கும் நேரத்தில் டாக்டர் மனதில் பாஸ்புக் பாக்கி ஓடக்கூடாது. அந்த முடிவுகளுக்கு முன்கூட்டியே விதி இருக்கவேண்டும்: எந்த நோய்க்கு எது முதல் மருந்து, எப்போது அடுத்த மருந்து. அந்த விதியை டாக்டர்கள் பலர் சேர்ந்து உட்கார்ந்து எழுதவேண்டும், அங்கே செலவைத் தாராளமாகப் பேசலாம். கட்டில் பக்கத்தில் நின்று பேசக்கூடாது.

"சாயங்காலம் சொந்த க்ளினிக் வச்சிருக்கிற டாக்டர்கிட்ட அரசாங்கப் பட்ஜெட்டைக் கொடுக்கிறது பூனைகிட்ட பாலைக் கொடுக்கிற மாதிரி இல்லையா?"

தமிழ்நாட்டில் அரசு டாக்டர்கள் பணி நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்கத் தடையில்லை. தலைமை மருத்துவமனையில் ஸ்கேன் மெஷின் பழுதாகிக் கிடந்தால் வெளியே யாருக்கோ லாபம் என்பதை மறுக்கவில்லை. அதற்காக டாக்டர்களைப் பண விஷயத்தில் இருந்து ஒதுக்கினால், மெஷின் எத்தனை நாள் பழுது என்று கேட்க ஆளே இருக்காது. கொள்முதல் குழுவில் இருப்பவர்கள் தங்கள் வெளித் தொடர்புகளை எழுதிக் கொடுக்கவேண்டும், மெஷின் பழுதான தேதியும் சரியான தேதியும் அறிவிப்புப் பலகையில் இருக்கவேண்டும். இரண்டாவதைச் செய்ய ஒரு சாக்பீஸ் போதும், ஆனால் நடப்பதில்லை.

"பேசாம எம்.பி.ஏ. படிச்சவங்களைப் போட்டுட்டா?"

மேலாளர் வேண்டும். சலவை, பாதுகாப்பு, கட்டடம், பில் எல்லாம் டாக்டர் தலையில் இருந்து இறங்கவேண்டும். ஆனால் முதல் பதிலைத் திரும்பப் பாருங்கள். செலவு ஓ.பி. சீட்டில் தொடங்குகிறது, மேலாளர் அந்தச் சீட்டில் எழுத முடியாது. மாத்திரைக் கேள்வியில் இன்டென்ட் பற்றிச் சொன்னதும் இங்கே பொருந்தும்.

"பொதுஜனம் நாங்க இந்தக் கணக்கைக் கேட்கலாமா?"

தாராளமாக. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005படி பத்து ரூபாய் கட்டணத்தோடு, கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி, அந்த மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதலாம். 30 நாளுக்குள் பதில் தரவேண்டும். "ஆஸ்பத்திரியில் ஏன் ஊழல்?" என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் இல்லை. "இன்ன நிதியாண்டில் நோயாளர் நலச் சங்கத்துக்கு வந்த தொகை, செலவு, கூட்டத் தீர்மானங்களின் நகல்" என்று கேளுங்கள். மருந்தைப் பற்றி என்றால் மருந்தின் பெயர், எந்த மாதத்தில் இருப்பு இல்லை, எந்தத் தேதியில் இன்டென்ட் போனது என்று கேளுங்கள். மருந்து வெளியே எழுதப்பட்ட சீட்டு இருந்தால் அதன் நகலை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள், மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.